திமிங்கில எண்ணெயும் செம்பனை எண்ணெயும்

தோட்டத்தில் வாழும் தமிழனுக்கும் கடலில் வாழும் திமிங்கிலத்துக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆங்கில வழியிற் கற்ற காலத்தில் திமிங்கிலத்தைப் பற்றிப் பாடநூலில் இரண்டொரு பக்கம் படித்ததுண்டு. அது பனிக்கடற் பிராணி, நமக்கு வேண்டாத செய்தி என்று அன்றே புத்தகத்தை மூடி வைத்தோம். பிற்பாடு எண்ணெயின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான், நாள்தோறும் நாம் நிறுத்து எழுதும் செம்பனைக் குலைக்கும் அப்பெரும் பிராணிக்கும் இடையே ஒரு பழைய கணக்கு ஓடுகின்றதென்பது விளங்கிற்று. அக்கணக்கையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் கரையில் ஒதுங்கியது

முதலில் நம் ஊருக்கு அண்மையிலிருந்தே தொடங்குவோம். 1891-ஆம் ஆண்டில் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1892 ஜூன் திங்களில், போர்ட் டிக்சன் கரையைத் தொட்டோடும் அதே மலாக்கா நீரிணையில், மலாக்கா நகருக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலுள்ள சாபத்து என்னுமிடத்தில் ஒரு திமிங்கிலம் கரை தட்டிற்று. அலை அதனை மீண்டும் இழுத்துச் சென்றுவிடாதபடி, அவ்வூர் மலாய் மக்கள் சுற்றிலும் கழி நட்டு வேலி கட்டினர். ஒரு வாரகாலம் உயிரோடிருந்து பின் மடிந்தது என்பர். அதன் எலும்புக்கூடு 42 அடி நீளமுடையது. சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சிசாலையில் 1907 முதல் அது மக்கள் பார்வைக்குத் தொங்கிற்று. 1974-இல் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சிசாலைக்கு அளிக்கப்பட்டு, அதன்பின் லபுவான் தீவுக்குச் சென்றது.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகக் கரையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக் கரையோரம் எண்பதுக்கு மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் கூட்டமாய் ஒதுங்கின. மீனவர் படகு கொண்டும் கை கொண்டும் அவற்றைக் கடலுக்குள் தள்ளினர். சில பிழைத்தன, பல மடிந்தன. 1973-ஆம் ஆண்டிலும் அதே கரையில் அவ்வாறு நேர்ந்ததுண்டு.

மலாக்காவிலும் மணப்பாட்டிலும் திமிங்கிலம் எதிர்பாராது வந்த விருந்து. அதனை நம்பி அடுப்பு மூட்டியவர் அங்கே ஒருவருமிலர். ஆயின் உலகின் வடகோடியில், திமிங்கிலமே சோறாகவும் வீடாகவும் விளக்காகவும் இருந்த மக்கள் உளர். அவர்களுடைய திமிங்கிலத்தையே நாம் அறிய வேண்டும்.

வில்தலைத் திமிங்கிலம்

ஆங்கிலேயர் பவ்ஹெட் என வழங்கும் இதனை வில்தலைத் திமிங்கிலம் எனத் தமிழிற் கூறலாம். இதன் வாய் நாணேற்றிய வில்லைப்போல் மேல்நோக்கி வளைந்திருத்தலே இப்பெயருக்குக் காரணம். அறுபதடி வரை நீளமும் எழுபத்தைந்து முதல் நூறு டன் வரை எடையும் உடையது. உடலில் மூன்றிலொரு பங்கு தலையே. முதுகில் துடுப்பு இல்லை. பனிப்பாளத்தின் அடியில் நீந்துவோர்க்கு அஃது இடையூறன்றோ? மூச்செடுக்க வேண்டின், ஓரடிக்கு மேற்பட்ட கனமுள்ள பனியையும் தலையால் முட்டிப் பிளக்கும். தோலின் கீழே ஒன்றரை அடி கனத்துக்குக் கொழுப்பு படிந்திருக்கும்.

இவ்வளவு பெரிய உடலுக்கு உணவு யாது தெரியுமோ? நெல்மணியினும் சிறிய கடற்பூச்சிகள். இதற்குப் பல்லில்லை. மேல்வாயின் இருபுறமும் நூற்றுக்கணக்கான நீண்ட தகடுகள் வரிசையாய்த் தொங்கும். நம் நகத்துக்குள்ள பொருளே இத்தகட்டுக்கும். ஒவ்வொன்றும் பதின்மூன்றடி வரை நீளும். வேறெத் திமிங்கிலத்துக்கும் இத்துணை நீளத் தகடு இல்லை. வாயைத் திறந்தபடி நீந்தி, நீரை வடித்துப் பூச்சியைத் தக்கவைத்து உண்ணும். நம் வீட்டுப் பெண்டிர் அரிப்புக் கூடையில் அரித்தெடுப்பது போன்றதே இதுவும்.

இதன் வாழ்வு மிக மெதுவானது. பருவமடைய ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு செல்லும். சூல்காலம் பதின்மூன்று பதினான்கு திங்கள். மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை ஒரே கன்று. ஆனால் ஆயுளோ பாலூட்டிகள் அனைத்தினும் நீண்டது. கண்ணின் வில்லையை ஆராய்ந்து வயது கணித்த அறிஞர், 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு திமிங்கிலத்துக்கு 211 வயதென மதித்தனர். அம்மதிப்பு சரியாயின், பினாங்கில் பிரிட்டிஷார் 1786-இல் கொடி நாட்டுமுன் அது கன்றாய் நீந்திக்கொண்டிருந்தது என்க. மெல்லப் பெருகி நீண்டு வாழும் உயிரை ஒருமுறை அழித்துவிட்டால், மீண்டும் நிரம்புதற்குப் பல தலைமுறை வேண்டும். இதனை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

வடகடல் மக்களின் பங்கு முறை

அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுப்பியாத்து மக்களும் அவர்தம் இனத்தாரும் இத்திமிங்கிலத்தை வேட்டையாடி வாழ்ந்தவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களின் முன்னோர் அலாஸ்காவிலிருந்து கிழக்கே கிரீன்லாந்து வரை பரவினர். மரமில்லாத அந்நாட்டில் திமிங்கிலத்தின் தாடையெலும்பும் விலாவெலும்புமே வீட்டின் தூணும் கைமரமும் ஆயின. அதன்மேல் தோலும் புல்மண்ணும் வேய்ந்தனர். கொழுப்பை உருக்கிய எண்ணெய் கல்விளக்கில் எரிந்து, ஒளியும் தந்தது, வெப்பமும் தந்தது. சூரியன் பல வாரம் தலைகாட்டாத குளிர்காலத்தில் அவ்விளக்கு அணைந்தால் குடும்பமே அணைந்தது போலாம். வாய்த்தகட்டைப் பிளந்து வலையும் கண்ணியும் பனிவண்டிக்கு அடிச்சட்டமும் செய்தனர். தோலும் கொழுப்புமாய்ச் சேர்த்து வெட்டிய மக்தாக் என்னும் துண்டே அவர்க்கு உயர்ந்த உணவு. காய்கறி விளையாத நாட்டில் உடலுக்கு வேண்டிய சத்தை அது அளித்தது.

வேட்டை எளிதன்று. கடல்நாய்த் தோல் போர்த்த உமியாக் என்னும் படகில் சிலர் சென்று, பனி பிளந்த நீர்வழியில் காத்திருந்து, அண்மையில் எழும் திமிங்கிலத்தின்மேல் ஈட்டி பாய்ச்சுவர். பிடித்ததைப் பனிமேல் இழுத்தேற்ற ஊரே வந்து கயிறு பிடிக்கும்.

இனித்தான் நாம் சொல்ல வந்த முதற்செய்தி. இழுத்தேற்றிய திமிங்கிலத்தை அவர்கள் பங்கிடும் முறை பழைமையானது. படகின் தலைவனுக்கு உமியாலிக் என்று பெயர். அவனுக்கு இன்ன பகுதி, ஈட்டி எறிந்த படகினர்க்கு இன்ன பகுதி, உதவிக்கு வந்த பிற படகினர்க்கு இன்ன பகுதி என்று உடலிலேயே கோடு கிழித்தாற்போல் வரையறை உண்டு. கயிறு பிடித்தவனுக்குப் பங்குண்டு. பிடிக்க வலுவில்லாத முதியவர்க்கும் கைம்பெண்டிர்க்கும் பங்குண்டு. தலைவன் தன் பங்கைத் தனக்கே வைத்துக்கொண்டால் தலைவனாக நிலைத்தல் இயலாது. ஜூன் திங்களில் நலுக்காத்தாக் என்னும் விழாவெடுத்து, நிலத்தடிப் பனிக்குழியில் காத்த இறைச்சியை ஊரார் அனைவர்க்கும் அவன் அள்ளி வழங்கவேண்டும். வழங்குதலே அவனுடைய பட்டம். இன்றும் இவ்விழா நடைபெறுகின்றது.

வணிகர் வந்தனர்

இத்திமிங்கிலத்தைத் தேடி ஐரோப்பியரும் வந்தனர். 1611-இல் ஆங்கிலக் கம்பெனியொன்றின் கப்பல் வடகடலிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குச் சென்றது. டச்சுக்காரர் பின்தொடர்ந்து கரையில் கொப்பரை நாட்டிக் கொழுப்பு காய்ச்சினர். 1641-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய அதே டச்சுக்காரர்தாம். கிழக்கே வாசனைப்பொருள், வடக்கே எண்ணெய் என்று ஒரே காலத்தில் இரு கைகளும் நீண்டிருந்தன. அத்தீவைச் சூழ்ந்த கடலில் வில்தலைத் திமிங்கிலம் ஏறக்குறைய அற்றுப்போகும்வரை வேட்டை நடந்தது.

பின்னர் அமெரிக்கர் முறை. 1848-இல் தாமஸ் ராய்ஸ் என்னும் கப்பல்தலைவர் பெரிங் நீரிணையைக் கடந்து வடக்கே சென்று, திமிங்கிலம் மலிந்த கடலைக் கண்டார். நான்கே ஆண்டில், 1852-இல், இருநூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் அங்கே குவிந்தன. 1914 வரையுள்ள காலத்தில் அக்கடலில் மட்டும் ஏறத்தாழ 18,000 வில்தலைத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன எனக் கணக்கிட்டுள்ளனர். எண்ணெய் நகரங்களின் விளக்கிலும் ஆலைகளின் யந்திரத்திலும் எரிந்தும் ஊறியும் தீர்ந்தது. வாய்த்தகடு சீமாட்டிகளின் இடைக்கச்சுக்கும் குடைக்கம்பிக்கும் சாட்டைக்கும் ஆயிற்று. 1859-இல் பென்சில்வேனியாவில் நிலத்தடி எண்ணெய்க் கிணறு தோண்டியபின் மண்ணெண்ணெய் மலிந்து, திமிங்கில எண்ணெயின் விலை இறங்கிற்று. ஆயினும் இடைக்கச்சு நாகரிகம் இறங்கவில்லை. தகட்டை மட்டும் அறுத்துக்கொண்டு, நூறு டன் உடலைக் கடலில் எறிந்துவிட்டுப் போன கப்பல்களும் உண்டு. கரையில் நின்றவர்க்கு அஃது ஓர் ஊரின் குளிர்கால உணவு.

இக்கப்பல்களில் உழைத்த மாலுமிகளின் நிலையைப் படித்தபோது எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கட்கு மாதச் சம்பளமில்லை, வருமானத்தில் பங்கு. புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு ஏறத்தாழ இருநூற்றிலொரு பங்கு. மூன்று நான்கு ஆண்டு நீண்ட பயணத்தில், அவன் உடுத்த சட்டை, பிடித்த புகையிலை, பெற்ற முன்பணம் யாவும் கப்பல் கடையின் கணக்கில் அவன் பேரில் ஏறும். கரை திரும்பிக் கணக்குத் தீர்க்கும்போது, கையில் ஒன்றும் மிஞ்சாமல் கடனாளியாய் இறங்கியவர் பலர். அடுத்த கப்பலில் ஏறுவதன்றி அவனுக்கு வேறு வழியாது?

நேயர்களே, இக்கதையை நாம் எங்கேயோ கேட்டிருக்கின்றோமன்றோ? எம் பாட்டனாரின் தந்தையார் கங்காணி கொடுத்த முன்பணத்தில் கப்பலேறியவர். வழிச்செலவும் தோட்டத்துக் கடைப்பற்றும் அவர் பேரில் ஏறின. ஆளுக்கின்ன தொகையென்று கங்காணிக்குத் தலைக்காசு ஏறிற்று. அக்கடன் தீர்ந்த நாளை எம் குடும்பத்தில் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கடன் இருந்தது மட்டும் நினைவிலிருக்கின்றது. கங்காணி முறையில் ஆள் கொணர்தல் 1938-இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் முடிவுற்றது. மாலுமியின் பேரேட்டையும் தோட்டத்துப் பேரேட்டையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே கையெழுத்தாய்த் தோன்றும்.

ஓர் ஆண்டில் இரு நிகழ்ச்சி

1848 என்று மேலே குறித்தோம். அதே 1848-இல், தாமஸ் ராய்ஸ் பனிக்கடலுக்குள் நுழைந்த ஆண்டிலேயே, ஜாவாத் தீவில் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு செடிகள் நடப்பட்டன. அவை மேற்கு ஆப்பிரிக்கச் செம்பனையின் கன்றுகள். அந்நான்கின் வழித்தோன்றல்களே சுமத்திராவிற் பரவி, பின் மலாயாவின் தோட்டங்கட்கும் தாயாயின. மலாயாவில் செம்பனை முதலில் அழகுமரமாகவே வளர்க்கப்பட்டது. 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை வியாபாரத்துக்காக நட்டார். ரப்பர் விலை வீழ்ந்த 1960-களுக்குப்பின் பால்மரக் காடுகள் அழிக்கப்பட்டு, நெகிரி செம்பிலானிலும் தோட்டந்தோட்டமாய்ச் செம்பனை எழுந்தது.

திமிங்கிலமும் செம்பனையும் எங்கே சந்தித்தன? ஐரோப்பிய ஏழையின் ரொட்டியில் சந்தித்தன. திரவ எண்ணெயைக் கட்டியாக்கும் முறையை வில்ஹெல்ம் நார்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1902-இல் கண்டார். அதன்பின் திமிங்கில எண்ணெயிலிருந்து சவர்க்காரமும், வெண்ணெய்க்கு மாற்றாகிய மார்ஜரினும் செய்யலாயினர். வடகடலில் வில்தலை அருகிப்போனமையால், வேட்டைக்காரர் தென்துருவத்து நீலத்திமிங்கிலத்தின்மேற் பாய்ந்தனர். 1930–31 பருவமொன்றில் மட்டும் 29,000-க்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. ஐரோப்பிய ஆலைகள் திமிங்கில எண்ணெயையும் பனை எண்ணெயையும் ஒரே கொப்பரைக்கு வாங்கின. எது மலிவோ அது கொப்பரையில் விழும். தென்கடலில் வேட்டை மிகுந்தால் எண்ணெய்ச் சந்தையில் விலை சரியும். விலை சரிந்தால் அதன் அதிர்ச்சி வெப்பநாட்டுத் தோட்டங்கள் வரை எட்டும்.

அதே 1930-களின் தொடக்கத்தில் உலக வியாபார மந்தம் வந்தது. மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தகட்டை அறுத்துக்கொண்டு உடலைக் கடலிலெறிந்த செய்தியைப் படித்த கண்ணுக்கு, இச்செய்தி வேறாய்த் தோன்றவில்லை.

செம்பனை வந்து திமிங்கிலத்தைக் காத்தது என்று சிலர் எழுதுவர். அஃது உண்மையில் ஒரு சிறுகூறே. மண்ணெண்ணெய் வந்தபின்னும் வேட்டை நின்றதில்லை. வில்தலை வேட்டை ஓய்ந்தது, மெல்லிய எஃகு வந்து 1908-ஐ ஒட்டித் தகட்டின் விலை சரிந்தபோதுதான். அதற்குள் உயிர்களும் அருகிவிட்டன. மலிவான மாற்றுப்பொருள் வந்ததனால் மட்டும் ஓருயிர் காக்கப்படுவதில்லை. சட்டமும் வேண்டும், அவ்வுயிரோடு வாழ்வோர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் மனமும் வேண்டும். பின்னது எவ்வாறு நிகழ்ந்ததென்பதைக் கேளுங்கள்.

வேட்டைக்காரர் வென்ற வழக்கு

1931-இல் செய்துகொண்ட உலக உடன்படிக்கை வில்தலைத் திமிங்கிலத்துக்குப் பாதுகாப்பளித்து, கரைவாழ் பழங்குடிகட்கு மட்டும் வேட்டையுரிமை விட்டது. 1946-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அமைக்க உடன்பாடாயிற்று. 1977-இல் அவ்வாணையம் அலாஸ்காக் கடலில் 600 முதல் 2000 வரையுள்ள திமிங்கிலங்களே எஞ்சியுள்ளன என்னும் மதிப்பைக் கொண்டு, பழங்குடிகளின் வேட்டையையும் தடுத்தது. கப்பல்கள் தின்று தீர்த்ததன் தண்டனை படகுக்காரர்மேல் விழுந்தது.

அவர்கள் ஓலமிட்டு ஓயவில்லை. அவ்வாண்டிலேயே அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையம் என்னும் தம் சங்கத்தை நிறுவினர். அடுத்த ஆண்டுக்குச் சிறு அளவு வேட்டை மீண்டும் இசையப்பட்டது. எண்ணியவர்கள் பனிவிளிம்பில் நின்று, கண்ணுக்குத் தெரியும் நீர்வழியிற் சென்றவற்றை மட்டுமே எண்ணினர். திமிங்கிலம் பனியைக் கண்டு அஞ்சுவதன்று. பனிக்கடியிலும் தொலைவிலும் கூட்டங்கூட்டமாய்ச் செல்லும் என்றனர் முதிய வேட்டைக்காரர். அவர்களுள் ஹாரி பிரவர் என்பார் சொன்னதைச் சில உயிர்நூல் அறிஞர் கேட்டு, நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி ஆராய்ந்தனர். முதியவர் சொல்லே மெய்யாயிற்று. 2011-இல் எண்ணிய எண்ணிக்கை ஏறத்தாழ 17,000. முதிய வேட்டைக்காரர் அறிவை அறிஞர் ஏற்றதனால் ஒரு மக்களின் உணவும் காக்கப்பட்டது. ஓருயிரின் உண்மைத் தொகையும் தெரியவந்தது. இன்றும் ஆண்டுதோறும் வரையறுத்த அளவில் அம்மக்கள் வேட்டையாடுகின்றனர். இறைச்சி சந்தைக்குப் போவதில்லை.

அம்மக்கள் குற்றமற்றவர் என்று நாம் கூறவரவில்லை. தகட்டுக்கு நல்விலையிருந்த நாளில் அவர்களும் வணிகர்க்குக் கூலிக்கு வேட்டையாடியதுண்டு. பண்டமாற்றில் வந்த சாராயம் அங்கும் குடி கெடுத்ததுண்டு. ஆயினும் பங்கு முறையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. கைவிடாமையால், வணிகர் போனபின் மீண்டெழ அவர்கட்கு ஓர் ஊர் இருந்தது.

2007-இல் இன்னொன்று நிகழ்ந்தது. பாரோ என அந்நாளில் வழங்கிய ஊரின் கடலில் பிடிபட்ட திமிங்கிலத்தின் தோளெலும்பில், பழைய வெடியீட்டியின் துண்டொன்று புதைந்திருந்தது. நியூ பெட்போர்டு நகரில் 1880-களை ஒட்டிச் செய்த வகை அது. நூறாண்டுக்கு மேல் அந்த இரும்பைச் சுமந்தபடியே அத்திமிங்கிலம் நீந்தியிருக்கின்றது.

நம் பேரேடு

காலையில் பெரட்டு முடிந்து, ஆட்கள் வெட்டிய குலைகள் லாரியில் ஏறி எடைமேடைக்கு வரும். குலை இத்தனை, உதிரிப்பழம் இத்தனை, டன் இத்தனை என்று நாம் எழுதுவோம். நம் தாத்தன்மார் வாழ்ந்த லயங்கள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கின்றன. இன்று குலை வெட்டுவோருட் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன்பட்டு வந்தவர். அவர்கள் பேரை எழுதும்போது எம் பாட்டனாரின் தந்தையார் பேரும் ஏதோ ஒரு கிராணியின் கையால் இவ்வாறே எழுதப்பட்டிருக்கும் என்ற எண்ணம் எழுகின்றது. அந்தக் கிராணியும் தமிழனாகவே இருந்திருத்தல் கூடும்.

எண்ணெய் மாறிற்று, விளக்கு மாறிற்று, கடல் போய்க் காடு வந்தது. எண்ணெய் எடுத்த கைக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத பனிநாட்டு மக்கள் கயிறு பிடித்த ஒவ்வொருவர்க்கும் பங்குண்டென்று விடை கண்டனர். வெள்ளைத்தாளும் பேரேடும் படைத்த நாம் இன்னும் கண்டிலோம். கணக்கெழுதும் தொழிலில் உள்ளவர் இதனை முதலில் எண்ணுதல் வேண்டும். ஏனெனில் பங்கு தவறும் இடம் நம் கையெழுத்துக்குக் கீழேதான் இருக்கின்றது. சென்ற திங்கள் ஒரு வங்காளத் தொழிலாளியின் பற்றுக்கணக்கில் இருமுறை ஏறியிருந்த தொகையொன்றை நாம் கண்டு அடித்துத் திருத்தினோம். சிறு தொகைதான். அவருக்கு அஃது ஒரு வாரச் சோறு.